பரீட்சையோடு மடியாத வினாக்கள்

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உளவியல் அறிஞர்களின் வருடாந்தர மகாநாடு கூடியபோது, அதற்கு வந்திருந்த கல்லூரிப் பரீட்சை அதிகாரிகள் சிலர் தங்களுக்குள் கலந்து பேசிய ஒரு விஷயம், பிற்காலத்தில் உலகெங்கும் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பாடமாக வைக்கப்படும் அளவுக்கு வளர்ந்து பெருகியது. ஒவ்வொரு சர்வகலாசாலையிலும் ஆண்டுதோறும் ஆசிரியர்கள் தனித்தனியே அமர்ந்து, வேறோர் ஊரில் வேறொருவர் முன்பே எழுதி முடித்துவிட்ட வினாக்களையே புதிதாகச் சிரமப்பட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்களே, ஓரிடத்தில் பிறந்த நல்ல வினா மற்றோரிடத்திலும் பயன்படுவதற்கு வழி என்ன என்பதே அவர்களுடைய கவலை. வினாக்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமானால், எந்த வினா மாணவனுடைய அறிவின் எந்தப் பகுதியைச் சோதிக்கிறது என்பதை எல்லோரும் ஒரே விதமாகச் சொல்லக் கற்றிருக்க வேண்டும். அதற்குப் பொதுவான ஒரு பகுப்பு முறை வேண்டும். சிகாகோ சர்வகலாசாலையின் பரீட்சைக் குழுவைச் சேர்ந்த பெஞ்சமின் புளூம் என்பவர் முன்னின்று நடத்த, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1956இல் நூலாக வெளிவந்த அந்தப் பகுப்பு முறைதான், அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாராய்தல், ஒன்றுசேர்த்தல், மதிப்பிடுதல் என்று ஆறு படிகளாக இன்றும் ஆசிரியர்களின் வாயில் வழங்கிவரும் புளூமின் வகைப்பாடு.

புளூம் அந்த நூல் வெளிவந்த சில காலத்திற்குள் இந்தியாவுக்கும் வந்தார். இடைநிலைக் கல்வியில் பரீட்சைகளைச் சீர்திருத்துவது குறித்து இங்குள்ள ஆசிரியர்களோடு பயிலரங்குகள் நடத்தினார். அந்த முயற்சியை ஒட்டி 1958இல் மத்தியப் பரீட்சைப் பிரிவு ஒன்றும் ஏற்பட்டது. அன்று விதைத்ததன் விளைவை இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் வினாத்தாள்களில் நேராகவே காணலாம். வினாவின் வலப்பக்கத்தில் கே1, கே2, கே3 என்று அச்சிட்டிருக்கிறதே, அது அந்த ஆறு படிகளை ஒட்டி எழுந்த சுருக்கம். தர மதிப்பீட்டுக் குழுவினர் வந்து பார்க்கும்போது குறையாக இருந்துவிடக் கூடாதே என்பதற்காக ஆசிரியர்கள் அந்தக் கட்டத்தை நிரப்புகிறார்கள். ஆனால் அந்த அடையாளம் தோன்றியதே ஒரு வினாவை அயலூர் ஆசிரியர் ஒருவர் கையில் நம்பிக்கையோடு கொடுப்பதற்காகத்தான் என்னும் ஆதி நோக்கம் பெரும்பாலும் மறந்துபோயிற்று. அடையாளத்தை எழுதுகிறோம், வினாவைப் பகிர்வதில்லை. புளூமின் தலைமுறையினர் தபாலிலும் தட்டச்சுப் பிரதியிலும் செய்ய முயன்ற அந்தக் காரியத்தை நொடிப்பொழுதில் செய்து முடிக்கும் சாதனங்கள் நம் கல்லூரிகளிலேயே, அநேகமாக விலையில்லாமலே கிடைக்கும் இந்தக் காலத்தில், அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது பிரயோஜனமாக இருக்கும்.

இணையவழிப் பாடத்தளங்களில் உலகெங்கும் மிகப் பரவலாக வழங்குவன சிலவற்றுள் மூடில் என்பது ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக் கர்ட்டின் சர்வகலாசாலையில் பணியாற்றிய மார்ட்டின் டோகியாமஸ் என்பவர் உருவாக்கி, 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் பதிப்பாக வெளியிட்ட அந்த மென்பொருளை, எந்தக் கல்விச் சாலையும் விலை கொடாமல் எடுத்துத் தன் கணினியில் நிறுவிக்கொள்ளலாம், தேவைக்கேற்ப மாற்றியும் அமைக்கலாம். பள்ளிக்கூடமே எட்டாத பாலைவனக் குடியிருப்பில் வளர்ந்து, வானொலி வழியாகப் பாடம் கேட்டுப் படித்தவர் அவர் என்பதை நினைக்கும்போது, தூரத்திலிருந்து கற்பவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்ததில் வியப்பில்லை. நான் இங்கே சொல்லப்போகும் விவரங்களில் பெரும்பாலானவை மூடிலைப் பற்றியவை. கேன்வாஸ், பிளாக்போர்டு முதலிய பிற தளங்களிலும் பெயரும் இடமும் வேறுபடுமேயன்றித் தத்துவம் ஏறக்குறைய அதுவே.

அந்தத் தத்துவம், வினா வேறு, பரீட்சை வேறு என்பது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் நம் ஆசிரியர்களிற் பலர் அவசரமாகக் கற்றுக்கொண்ட கூகுள் படிவத்தில், வினா அந்தப் படிவத்துக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு வேண்டுமானால் பழைய படிவத்தைத் தேடிப் பிடித்து அதிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டும். மூடில் போன்ற தளத்திலோ வினாக்கள் யாவும் வினா வங்கி என்னும் தனியிடத்தில் இருக்கின்றன. பரீட்சை என்பது அங்கிருந்து இன்ன இன்ன வினாக்களை இன்ன வரிசையில் அழைத்து வா என்று சொல்லும் ஓர் ஏற்பாடு மாத்திரமே. பரீட்சை முடிந்து, மதிப்பெண்ணும் கொடுத்து, அந்த வகுப்பு மாணவர்கள் பட்டமும் வாங்கிப் போய்விட்ட பிறகும் வினா தன் இடத்தில் இருக்கிறது. மற்றொரு பரீட்சைக்கு மீண்டும் வருகிறது. இந்தப் பிரிவினை சாமானியமாகத் தோன்றினாலும், வினாக்களை ஒழுங்கு செய்வதும் பகிர்வதும் ஆகிய இரண்டு காரியங்களும் இதன்மேல்தான் நிற்கின்றன.

ஒழுங்கு செய்வதில் முதற்படி, வினாக்களைப் பகுப்புகளாகப் பிரிப்பது. தளம் ஒவ்வொரு பாடத்துக்கும் தானாகவே ஒரு பொதுப் பகுப்பை ஏற்படுத்திக் கொடுக்கிறது. ஆசிரியர் வேறொன்றும் சொல்லாவிட்டால் எல்லா வினாவும் அதிலேயே போய் விழும். இப்படி நானூறு ஐந்நூறு வினாக்கள் ஒரே குவியலாகக் கிடக்கும் வங்கிகளை எத்தனையோ கல்லூரிகளில் காணலாம். சிலர் அதற்கு ஒரு படி மேலே போய், பரீட்சையின் பெயராலேயே பகுப்பை அமைப்பார்கள்: முதல் இன்டர்னல், இரண்டாம் இன்டர்னல், மாடல் தேர்வு என்று. அமைத்த ஆண்டில் அது மிகவும் சௌகரியமாகவே இருக்கும். மூன்றாண்டு கழித்து, ஓம் விதியைப் பற்றி நாம் எழுதிய வினாக்கள் எங்கே என்று தேடும்போதுதான், அவை மூன்று ஆண்டுகளின் ஆறு பரீட்சைகளில் சிதறிக் கிடப்பது தெரியவரும். பாடத்திட்டத்தின் அலகு எண்ணை வைத்துப் பெயரிடுவதும் எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறும், மூன்றாம் அலகு ஐந்தாம் அலகாகும், பெயர் பொய்யாகிவிடும். விஷயத்தின் பெயரால் அமைப்பதே நிலையானது. மின்னோட்டவியல், அதனுள் ஓம் விதி, அதனுள் நேரடிக் கணக்கு என்று பகுப்புக்குள் பகுப்பாக இறங்கிச் செல்லத் தளம் இடம் கொடுக்கிறது. ஒரு வினா ஒரு பகுப்பில்தான் இருக்க முடியும். ஆனால் புளூமின் படி, கடினத்தின் அளவு, கேட்ட ஆண்டு முதலிய குறிச்சொற்களை அதன்மேல் எத்தனை வேண்டுமானாலும் இடலாம். ஆகவே, விஷயம் பகுப்பாகவும் மற்ற லட்சணங்கள் குறிச்சொற்களாகவும் இருப்பது நல்லது.

பகுப்பு என்பது தேடுவதற்கு மட்டும் உதவும் அலமாரி அன்று என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களிடையே நியாயம் செய்வதும் அநியாயம் செய்வதும்கூட அதன் கையில் இருக்கிறது. இணையத் தேர்வின் பெரிய அனுகூலம், ஒவ்வொரு மாணவனுக்கும் வெவ்வேறு வினாக்களைத் தளமே பொறுக்கிக் கொடுப்பது. ஒரு பகுப்பில் 20 வினாக்கள் இருந்து, அவற்றில் எவையேனும் 5ஐ எடுத்துக் கொடு என்று சொன்னால், அந்த ஐந்து வினாத் தொகுதி 15,504 விதமாக அமையக் கூடும். பக்கத்து இருக்கையில் இருப்பவனைப் பார்த்து எழுதுவது பயனற்றுப் போகிறது. ஆனால் அந்த இருபதில் பாதி, விதியின் வாசகத்தை மாத்திரம் கேட்பதாகவும், மற்றப் பாதி, நான்கு மின்தடைகள் பின்னிக்கிடக்கும் சுற்றில் மின்னோட்டம் கணக்கிடச் சொல்வதாகவும் இருந்தால், ஒரு மாணவனுக்கு ஐந்தும் எளிய வினாவாகவும் அவன் நண்பனுக்கு ஐந்தும் கடின வினாவாகவும் வாய்க்கக் கூடும். இருவருக்கும் மதிப்பெண் ஒரே அளவுகோலால் போடப்படும். இது இயந்திரத்தின் குற்றமன்று, பிரித்து வைத்தவருடைய அசிரத்தையின் பலன். ஆகையால், பொறுக்கி எடுக்க விடும் பகுப்பு எதுவானாலும், அதற்குள் இருக்கும் வினாக்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கத் தகுந்தவையாக, ஒரே விஷயத்தை ஏறக்குறைய ஒரே கடினத்தில் கேட்பவையாக இருக்க வேண்டும். மாணவன் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்காக மீண்டும் மீண்டும் எழுதும் பயிற்சித் தேர்வுகளில், அவன் முன்பு பார்த்த வினாக்களைக் கூடியவரை தவிர்த்துப் புதியவற்றையே கொடுக்கவும் மூடிலுக்குத் தெரியும்; அதற்கும் பகுப்பில் சரக்கு போதிய அளவு இருந்தாக வேண்டும்.

ஒவ்வொரு வினாவுக்கும் தனிப் பெயர் ஒன்று கொடுக்கத் தளம் கேட்கிறது. மாணவர் கண்ணில் அது படுவதில்லை என்பதால் ‘க்யூ1’, ‘க்யூ2’ என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர் மாணவருக்காக அன்று, சக ஆசிரியருக்காக. ‘ஓம் விதி, மின்னோட்டம் காணல், நேரடி, 03’ என்று எழுதிவைத்தால், வினாவைத் திறந்து பாராமலே அது இன்னதென்று பிறருக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமானது, வினாவோடு சேர்த்து எழுத வேண்டிய விளக்கம். 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 3 ஓம் மின்தடை வழியாகப் பாயும் மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்டு, 4, 36, 0.25, 9 ஆம்பியர் என்று நான்கு விடைகளைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 36 என்பது வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியவனுக்காகவும், 0.25 என்பது தலைகீழாக வகுத்தவனுக்காகவும் வேண்டுமென்றே வைத்தவை. 9 என்பது கழித்துப் பார்த்தவனுக்கு. நான்கு விடைகளில் மூன்று தவறாக இருப்பது போதாது, ஒவ்வொரு தவறும் மாணவன் உண்மையில் செய்யக்கூடிய ஒரு பிழையைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் உயிர். மூடிலில் ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியே குறிப்பு எழுதலாம். 36ஐத் தேர்ந்தவனுக்கு, நீ பெருக்கியிருக்கிறாய், மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையுமா கூடுமா என்று யோசித்துப் பார் என்று அந்தக் கணத்திலேயே சொல்லிவிடலாம். மாணவனுக்கு அது பாடம். அதே குறிப்பைப் படிக்கும் வேறோர் ஆசிரியருக்கோ, இந்த வினாவை எழுதியவர் எதை எண்ணி எழுதினார் என்பதைச் சொல்லும் சாசனம். குறிப்பில்லாத வினாவை வாங்கிப் பயன்படுத்துகிறவர், எழுதியவரின் மனத்தை ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் அந்தச் சிரமத்துக்குத் தாமே புதிதாக எழுதிக்கொள்வதே மேல் என்று விட்டுவிடுகிறார்கள். பகிர்வு பல இடங்களில் நின்றுபோவதற்குக் காரணம் மனமின்மை என்று பலர் எண்ணுகிறார்கள். விளக்கமின்மையே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

மேற்சொன்ன கணக்கிலேயே 12, 3 என்னும் எண்களுக்குப் பதில் மாறிகளை வைத்து, மாணவருக்கு மாணவர் வெவ்வேறு எண் வருமாறு செய்யவும் முடியும். இந்த வழியில் வெகுதூரம் சென்றது, இங்கிலாந்தின் பர்மிங்காம் சர்வகலாசாலையில் கிறிஸ் சாங்வின் என்னும் கணித ஆசிரியர் 2004இல் தொடங்கிய ஸ்டாக் என்னும் ஏற்பாடு. மாணவன் எழுதிய கோவையை மாக்ஸிமா என்னும் குறிக்கணித மென்பொருள் வாங்கிச் சுருக்கிப் பார்த்து, சரியான விடையோடு அது சமமா என்று தீர்மானிக்கிறது. ஆகவே ஒரே விடையை வேறு உருவத்தில் எழுதியவனுக்கு அநியாயம் நேர்வதில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்றுண்டு. வினாவை எழுதியவர், இந்த விடை எழுதினால் இத்தனை மதிப்பெண் வர வேண்டும், அந்த விடை எழுதினால் இத்தனை என்று சில சோதனைகளையும் வினாவுடனேயே சேர்த்து வைக்கலாம். வினா வேறொரு கல்லூரிக்குப் போகும்போது அந்தச் சோதனைகளும் உடன் செல்கின்றன. வாங்கியவர் அவற்றை ஓட்டிப் பார்த்து, எதுவும் பழுதுபடாமல் வந்து சேர்ந்ததா என்று தாமே உறுதி செய்துகொள்ளலாம்.

வினாவின் தரத்தை எழுதியவரின் சொல்லை மட்டும் கொண்டு அறிய வேண்டுவதில்லை. மாணவர்கள் விடையெழுதிய பிறகு தளமே கணக்கெடுத்துச் சொல்கிறது. எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்பது ஒரு கணக்கு. அது எளிமையின் அளவு. மற்றொன்று இன்னும் நுட்பமானது: பரீட்சை முழுவதிலும் நன்றாக எழுதியவர்கள் இந்த வினாவையும் நன்றாக எழுதினார்களா, மோசமாக எழுதியவர்கள் இதிலும் தவறினார்களா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. இணையம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த முறை வழக்கத்தில் இருந்தது. வகுப்பின் உச்சியில் உள்ள 27 சதவீதத்தினரையும் அடியில் உள்ள 27 சதவீதத்தினரையும் ஒப்பிடுவதே சிறந்தது என்று ட்ரூமன் கெல்லி 1939இலேயே கணக்கிட்டுச் சொன்னார். ஆசிரியர்கள் அந்நாளில் விடைத்தாள்களை அடுக்கிவைத்து எண்ணிச் செய்த அந்தக் காரியத்தை இன்று ஒரு சொடுக்கில் காணலாம். அந்த ஒப்பீட்டில் கிடைக்கும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால், கெட்டிக்கார மாணவர்களே அதிகமாகத் தவறியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது பெரும்பாலும் வினாவின் வாசகம் இரு பொருள் படுவதாக இருக்கும், அல்லது விடைக்குறிப்பிலேயே பிழை இருக்கும். பிறரோடு பகிரும் வங்கியில் ஒரு வினாவை வைப்பதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் ஒரு முறையேனும் பார்த்துவிடுவது, அதை எடுத்துப் பயன்படுத்தப்போகும் முகமறியாத ஆசிரியருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் நாம் செய்யும் மரியாதை. கோப்பாக எடுத்து அனுப்பும்போது இந்தக் கணக்குகள் உடன் செல்வதில்லையாகையால், அவற்றைக் குறிச்சொல்லாகவேனும் எழுதிவைக்க வேண்டும்.

பிழை கண்டு திருத்தும்போது முன்பெல்லாம் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு வினாவின் வாசகத்தை மாற்றினால், சென்ற ஆண்டு அதற்கு விடையெழுதிய மாணவரின் தாளிலும் அது மாறித் தோன்றும். ஆகவே ஆசிரியர்கள் திருத்த அஞ்சி, ஒரே வினாவைப் பல பிரதிகளாக வைத்துக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில் வந்த மூடில் 4.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு திருத்தமும் தனிப் பதிப்பாகச் சேமிக்கப்படுகிறது. பழைய தாளில் பழைய பதிப்பே நிற்கிறது, புதிய தேர்வில் புதிய பதிப்பு வருகிறது. எழுதி முடிக்காத வினாவை வரைவு என்று குறித்து வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. பலர் கைபடும் பொது வங்கிக்கு இந்த வசதி இல்லாமல் முடியாது.

இனிப் பகிர்வுக்கு வருவோம். ஒரே கல்லூரிக்குள் பகிர்வதும், கல்லூரிக்கு வெளியே பகிர்வதும் வேறு வேறு விதமானவை. உள்ளே பகிர்வதில், யார் எந்த வினாவைக் காணலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், இடம் மாற்றலாம் என்பவை தனித்தனி அதிகாரங்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. தாம் எழுதியதை மாத்திரம் திருத்தலாம், பிறர் எழுதியதைப் பயன்படுத்தலாமேயன்றித் தொடலாகாது என்று ஒருவருக்கு வரையறுக்க முடியும். வங்கி எங்கே இருக்கிறது என்பதிலேதான் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. தளம் முழுவதற்கும் பொதுவாக ஓர் இடம், துறைக்கு ஓர் இடம், பாடத்துக்கு ஓர் இடம், ஒரு தேர்வுக்கு மட்டும் ஓர் இடம் என்று பல அடுக்குகள் இருந்தன. பொது இடத்தில் வைக்கும் அதிகாரம் நிர்வாகிகளிடம் இருந்ததால், சாதாரண ஆசிரியர் தம் வினாக்களைத் தம் பாடத்துக்குள்ளேயே பூட்டிவைத்துக்கொண்டார். 2025 ஏப்ரலில் வெளிவந்த மூடில் 5.0 இந்த அமைப்பைப் புதுப்பித்துவிட்டது. இப்போது ஒரு பாடத்துக்குள் எத்தனை வினா வங்கிகளை வேண்டுமானாலும் தனித்தனியே அமைக்கலாம். அவற்றைப் பிற பாடங்களின் ஆசிரியர்களும், அவர்களுக்கு அனுமதி இருக்குமானால், தங்கள் தேர்வில் அமர்ந்தபடியே திறந்து வினாக்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தேர்வுக்கு மட்டும் உரிய அந்தரங்க வங்கியும் வைத்துக்கொள்ளலாம். ஒரு துறையின் பௌதிக ஆசிரியர்கள் யாவரும் சேர்ந்து, வங்கிக்கென்றே ஒரு பாடத்தை ஏற்படுத்தி, அதில் மின்னியல் ஒன்று, ஒளியியல் ஒன்று, வெப்பவியல் ஒன்று என்று வங்கிகளை அமைத்துக்கொள்வதற்கு இனி எந்தத் தடையும் இல்லை.

வெளியே அனுப்புவதற்குக் கோப்பு வேண்டும். மிக எளிய வடிவம் எய்க்கன் என்பது: வினாவை ஒரு வரியிலும், விடைகளை எழுத்திட்டுத் தனித்தனி வரிகளிலும், சரியான விடையின் எழுத்தைக் கடைசி வரியிலும் எழுதினால் போதும், கணினிப் பழக்கம் குறைந்தவரும் எழுதலாம். ஆனால் அதில் ஒரே சரியான விடையுள்ள வினாக்களை மட்டுமே வைக்க முடியும். ஜிஃப்ட் என்னும் வடிவம் இன்னும் பல வகைகளையும் குறிப்புகளையும் ஏற்கும், படங்களை ஏற்காது. மூடிலுக்கே உரிய எக்ஸ்.எம்.எல். வடிவம்தான் படங்கள், குறிப்புகள், குறிச்சொற்கள் யாவற்றையும் முழுமையாக எடுத்துச் செல்வது. பகுப்பின் பெயரையும் கோப்பிலேயே எழுதி அனுப்பலாம் என்பதால், நாம் அமைத்த ஒழுங்கு சிதையாமல் அங்கே போய்ச் சேரும். வெவ்வேறு நிறுவனங்களின் தளங்களுக்கிடையே வினாக்கள் போய்வருவதற்காக க்யூ.டி.ஐ. என்னும் பொதுத் தரம் ஒன்றும் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக இருந்துவருகிறது. எனினும் ஒவ்வொரு தளமும் அதன் வெவ்வேறு பதிப்புகளை வெவ்வேறு அளவில் ஏற்பதால், போகும் வழியில் சில விவரங்கள் உதிர்ந்துவிடுவது சகஜம். ஆகவே எந்த வடிவமானாலும், முந்நூறு வினாக்களை ஒரேயடியாக அனுப்பாமல், வகைக்கு ஒன்றாக நான்கைந்தை அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வது உத்தமம்.

தமிழில் வினா எழுதுகிறவர்களுக்கு வேறிரண்டு சங்கடங்கள் உண்டு. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பல்லாண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்துவைத்த வினாத்தாள்களில் பெரும்பகுதி பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் இருக்கிறது. அவற்றை அப்படியே தளத்தில் ஒட்டினால் தமிழ் எழுத்துக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை கண்ணால் படித்துத் திருத்தி, யூனிகோடில் சேமித்துவிட்டால், அந்தப் பழைய செல்வம் முழுவதும் மீண்டும் வழக்குக்கு வரும். மற்றது, சிறுவிடை வினா. சிலப்பதிகாரத்தை இயற்றியவர் யார் என்று கேட்டால், ஒரு மாணவன் இளங்கோ என்பான், ஒருவன் இளங்கோவடிகள் என்பான், மற்றொருவன் இளங்கோ அடிகள் என்று பிரித்து எழுதுவான். மூவரும் சரியே, ஆனால் எழுதிவைக்காததை இயந்திரம் அறியாது. ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தையும் விடைகளாகச் சேர்த்துவைக்கத் தளம் இடம் தருகிறது. தத்தம் மாணவர்கள் எழுதிய புதுப்புது வடிவங்களைக் கண்டு, ஆசிரியர் ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வந்தால், பத்துக் கல்லூரிகளில் பழகிய வினா ஒரு கல்லூரியில் மட்டும் இருந்த வினாவைவிட நியாயமானதாக ஆகிவிடுகிறது. பகிர்வினால் வினா தேய்வதில்லை, செப்பமடைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரிய அளவில் இதைச் செய்து காட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் ஆர்னால்ட் பைசர், மைக்கேல் கேஜ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் 1990களின் மத்தியில் தொடங்கிய வெப்வொர்க் என்னும் ஏற்பாட்டோடு வளர்ந்த திறந்த வினா நூலகத்தில் இன்று 35,000க்கும் மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு கணக்கின் கோப்பிலும் பாடம், அத்தியாயம், பிரிவு, எழுதியவர், அவருடைய கல்வி நிலையம் என்று குறிப்புகள் எழுதும் சம்பிரதாயத்தை அவர்கள் ஏற்படுத்திக்கொண்டிருப்பதால்தான், அத்தனை ஆயிரத்தில் வேண்டியதை ஓர் ஆசிரியர் எளிதில் கண்டெடுக்க முடிகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையில் பால் டென்னி உருவாக்கிய பியர்வைஸ் என்னும் தளமோ இன்னும் துணிச்சலானது. அங்கே வினாக்களை எழுதுவதே மாணவர்கள். ஒருவன் எழுதிய வினாவுக்கு மற்றவர்கள் விடையெழுதி, தரம் மதிப்பிட்டு, குறை இருந்தால் எடுத்துச் சொல்கிறார்கள். நல்ல வினா எழுதப் புகுந்தவன் பாடத்தை இரு மடங்கு ஆழமாகப் படிக்க நேர்கிறது.

வினாக்களை வெளியே விட்டால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்களே என்னும் ஆட்சேபம் எப்போதும் எழுவது. பட்டத்தையோ வேலையையோ தீர்மானிக்கும் இறுதிப் பரீட்சையின் வினாக்களுக்கு இந்த ஆட்சேபம் முற்றிலும் பொருந்தும். அவற்றைத் தனி வங்கியில் காப்பாற்றிவைப்பதே முறை. ஆனால் கல்லூரிகளில் நடக்கும் தேர்வுகளில் மிகப் பல, கற்றதைச் சரிபார்த்துக்கொள்ளும் பயிற்சித் தேர்வுகள். இவற்றில் வினாக்கள் இருபதாக இருக்கும்வரைதான் ரகசியம் அவசியமாகிறது. பத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஓர் அத்தியாயத்துக்கு ஐந்நூறு வினா வைத்திருந்தால், அந்த ஐந்நூறையும் விளங்கிக்கொண்டு விடையெழுதத் தெரிந்தவன் அந்த அத்தியாயத்தைக் கற்றவனே ஆவான்; அவனிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடையில் விற்கும் கைடுகளிலிருந்தும் நுழைவுத் தேர்வுப் புத்தகங்களிலிருந்தும் வினாக்களை அப்படியே பெயர்த்து வங்கியில் போடுவது பரவலாக நடக்கிறது. தம் வகுப்புக்குள் இருக்கும்வரை யாரும் அதைக் கேட்பதில்லை. வெளியே பகிரும்போது அது பிறர் உழைப்பைக் களவாடியதாகிவிடும். நாமே எழுதியவற்றை மட்டும் பகிர வேண்டும். எழுதியவர் பெயர் நிலைக்குமாறு, பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைச் சேர்த்து வெளியிட வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதியவருக்குக் கிடைக்கும் கௌரவத்தில் ஒரு பங்கேனும் நல்ல வினா எழுதியவருக்கும் கிடைக்குமாறு கல்லூரி நிர்வாகங்கள் பதவி உயர்வுக் கணக்கில் இதற்கு இடம் கொடுத்தால், இந்தக் காரியம் தானே வேகம் பிடிக்கும்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் பெரிதன்று. வங்கி முழுவதையும் ஒரே விடுமுறையில் ஒழுங்கு செய்ய முற்பட வேண்டாம். நீங்கள் மிக நன்றாக நடத்தும் ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் நீங்களே எழுதிய வினாக்களைப் பிரித்து, பெயரிட்டு, ஒவ்வொரு தவறான விடைக்கும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள்; பிறகு உங்கள் துறையில் அடுத்த மேசையில் இருக்கும் ஆசிரியருக்கு அந்த வங்கியைத் திறக்க அனுமதி கொடுத்து, அவருடைய வகுப்பில் அவற்றை ஒரு முறை பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.